விரலைத் தூக்கினால் மணி

எதைத் தொடுகை என்று ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பு. மலாக்கா நகரத்துக்கு வெளியே, தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. மின் அடுப்பு, ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் இவற்றின் முகப்பில் விரல் வைத்தால் வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த டச் சென்சார்களுக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். மேல்மூடிக்கு அடியில் ஒரு செம்புத் தகடு, அவ்வளவுதான் அதன் உடம்பு. விரல் பக்கத்தில் வந்தால் தகட்டில் தேங்கும் மின்னேற்றம் ஒரு துளி கூடும். அந்தத் துளியை எண்ணாக்கி, இதற்கு மேலே போனால் விரல், கீழே இருந்தால் வேறு ஏதோ ஒன்று என்று கோடு போடுவது என் வேலை.

கோடு போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு சமையலறையில் அரைநாள் நின்று பார்க்க வேண்டும். ஈரத்துணி எண்ணைக் கூட்டும். பொங்கி வழிந்த கஞ்சி கூட்டும். மலிவான போன் சார்ஜரைப் பக்கத்தில் செருகினால் எண் பேய் பிடித்த மாதிரி ஆடும். பல்லி ஏறி நின்றால் அடுப்பு பற்றிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்காரம்மா விரல் வைத்தால் முதல் தடவையே பற்ற வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு மின்சாரமும் தின்னக் கூடாது என்பார்கள். அதனால் சென்சார் பெரும்பாலான நேரம் தூங்க வேண்டும், அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்க வேண்டும். அடிக்கடி விழித்தால் மின்சாரம் போகும், அதிகம் தூங்கினால் தொடுகை போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

இதையே செய்து செய்து எனக்கு வீட்டிலும் அதே புத்தி வந்துவிட்டது. யாராவது பேச ஆரம்பித்தால் இதில் எது சேதி, எது வெறும் இரைச்சல் என்று மனம் பிரிக்கத் தொடங்கும். சேதி முடிந்ததும் எழுந்துவிடுவேன். சொந்தக்காரர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை.

என் அக்கா எனக்கு நேர் எதிர். செலண்டாரில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் பல வருஷம் நாசி லெமாக்கும் மீ கோரெங்கும் விற்றவள். ரீசஸ் மணி அடித்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவரும்போதுதான் அவளுக்கு உடம்பில் ரத்தம் ஓடும். பள்ளி விடுமுறை என்றால் அவளுக்குத் திண்டாட்டம். பாசாருக்குப் போய் ஒன்றும் வாங்காமல் நாலு பேரிடம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். என்னோடு போனில் பேசும்போது, "இரு, இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்பாள். அந்த இன்னும் ஒன்று ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. காது கேட்கும், எல்லாம் புரியும். கண்ணை அழுத்தி மூடினால் ஆமாம். மூடாமல் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இல்லை. இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் எழும்பும், தாழும். டாக்டர்கள் கைவிட்ட பிறகு எங்களுக்கு மிஞ்சியது அந்தக் கண்ணும் விரலும்தான்.

அவளும் அவள் கணவரான மாமாவும் செலண்டாரைத் தாண்டி ஒரு தாமான் குடியிருப்பில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மாமா லோரி ஓட்டுகிறவர். நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார். விடியும்போது புறப்பட்டால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும். பகலில் அக்காவைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அச்சு முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடும் கிறிஸ்தவப் பெண்மணி, கணவர் இல்லை, முட்டி வலி உண்டு. காலையிலும் மத்தியானமும் வந்து கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். இந்த இரண்டு வருகைக்கும் இடையில் வீட்டில் அக்காவும் மின்விசிறியும்தான்.

அந்த இடைவெளியில்தான் ஒருநாள் அவளுக்குச் சளி அடைத்துக்கொண்டது. ஏதோ கேட்க வந்த ஆன்ட்டி, முகம் கறுத்துக் கிடந்தவளைப் பார்த்து ஒருக்களித்துத் திருப்பியதால் பிழைத்தாள். கிளினிக்கில், இப்படித் தனியாக விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அலோர் காஜாவில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது அக்காவைக் கொஞ்ச நாள் அங்கே விட்டிருந்தோம். திரும்பக் கூட்டிவந்த அன்று அவள் அழுத அழுகை எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. படுக்கையில் போட்டதும் ஆரம்பித்து, தலையணை நனைய, ராத்திரிவரை அழுதாள். மாமா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, செத்தாலும் உன்னை அங்கே அனுப்ப மாட்டேன் என்று சொன்னார்.

இப்போது அந்த இல்லத்திலிருந்தே போன் வந்தது. ஒரு கட்டில் காலியாகிறது, மாதக் கடைசிவரை வைத்திருப்போம், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் தொட்டா வேலை செய்ற சாமான்லாம் செய்றியேம்மா. இவளுக்கு ஒரு மணி செஞ்சு குடு. இவ கூப்புட்டா ஆன்ட்டி வீட்டுல அடிக்கணும். அது சரியா இருந்துச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி வேற வழி இல்லலா, அங்கதான்."

ஒரு வார்த்தையில் சொன்னால், நான் செய்யும் மணி சரியாக இருந்தால் அக்கா அவள் வீட்டில் இருப்பாள். இதைவிடப் பெரிய வேலையைத் தொழிற்சாலையில் எனக்கு யாரும் தந்ததில்லை.

கடையில் விற்கும் அழைப்பு மணியை அமுக்க அவள் விரலுக்கு வலு கிடையாது. குழந்தைகளுக்கு வைக்கும் ஒலிபெருக்கிக்கு அவளிடம் சத்தம் கிடையாது. டச் சென்சாருக்கு வலுவும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், விரல் இருந்தால் போதும். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்து, மூடிக்கு அடியில் செம்புத் தகட்டை ஒட்டி, அவள் இடது கைக்குக் கீழே கட்டினேன். கம்பியில்லாமல் அடிக்கும் மணியை ஆன்ட்டியின் சமையலறையில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். முதலில் போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுத்தேன். தொழிற்சாலையில் எத்தனை பேருக்கு இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். எண் பேயாட்டம் ஆடி, யாரும் தொடாமலே மணி அடித்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரி போட்டேன். எண் அடங்கிற்று. ஆனால் பேட்டரி என்றாலே சிக்கனம். பேட்டரி எப்போது தீரும் என்று அக்காவால் யாரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த தொல்லை நான் எதிர்பாராதது. அக்கா விரலைக் கொண்டுவந்து வைத்து எடுப்பதில்லை. அந்த விரல் எப்போதும் பெட்டியின் மேலேதான் கிடக்கும். எந்த சென்சாரும் தன்மேல் வெகுநேரம் கிடப்பதை நாளடைவில் மறந்துவிடும். இதுதான் என் இயல்பு நிலை என்று எண்ணத் தொடங்கிவிடும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள நாங்களே அப்படிப் பழக்கியிருக்கிறோம். அக்காவின் விரலையும் அது அப்படித்தான் மறந்தது. அவள் அமுக்கினாலும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு வந்த எரிச்சலில் பெட்டியைச் சுவரில் அடித்திருப்பேன்.

பிறகு கணக்கைத் தலைகீழாக்கினேன். விரல் கிடப்பதை இயல்பு என்று அதுவே முடிவு செய்துவிட்டதே, சரி, அப்படியே இருக்கட்டும். விரல் எழும்பினால் எண் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தை அழைப்பாக வைத்தேன். விரலைத் தூக்கினால் மணி, இறக்கினால் மணி நிற்கும். மெதுவாக இறங்கினால் வெயில், வியர்வை, அதை விட்டுவிடு. சட்டென்று இறங்கினால் அக்கா. அவள் முதல் தடவை விரலைத் தூக்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஆன்ட்டி மாவுக் கையோடு ஓடி வந்தார். அக்காவின் வாயின் ஒரு ஓரம் சிரித்தது. நான் சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஆன்ட்டி போன் செய்தார்.

"மணி சும்மா சும்மா அடிக்குதும்மா. சில நேரம் அவ விரலத் தூக்கிகிட்டு கெடக்குறா, அப்ப அடிக்கல. எனக்கு எண்ணெய் சட்டி அடுப்புல இருக்குலா. நெஜமா கூப்புட்டா ஓடி வர்றேன். சும்மா அடிச்சா எப்படி ஓடுறது?"

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பெட்டியின் மேல் மாதாவின் பதக்கம் ஒன்று தொங்கியது. சென்சார் பக்கத்தில் உலோகம். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், இதைக் கழற்றுங்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஆன்ட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவளுக்குத் தொணையா இருக்கட்டும்னு போட்டேன்" என்று சொல்லிக் கழற்றி அக்காவின் தலையணையில் குத்தினார். அடுத்த வாரமும் அதே கதை. மாதாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆன்ட்டி போனில் சொன்னார். அந்தக் குரலில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு விடியும்முன் போய் நின்றேன். மாமா வெள்ளிக்கிழமை வழக்கப்படி குளித்துவிட்டு சாமி கும்பிட்டார். பிறகு ஒரு கிண்ணத்தில் விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். நிலைக்கு ஒரு பட்டை. ஃபிரிட்ஜுக்கு ஒரு பட்டை. சமையல் கேஸ் தொம்புக்கு, வெளியே நின்ற லோரியின் ஸ்டியரிங்குக்கு. கடைசியில் கட்டிலுக்கு வந்தார். அக்காவின் நெற்றியில் பூசினார். பிறகு அவள் விரலை மெல்ல ஒதுக்கி, என் பெட்டியின் மூடியில் மூன்று விரலால் அழகாக ஒரு பட்டை இழுத்து, விரலை அதன்மேலேயே திரும்ப வைத்தார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஈர விபூதி செம்புத் தகட்டுக்கு மேலிருந்து பெட்டியின் உலோக விளிம்புவரை நீண்டு கிடந்தது. சென்சாருக்கு அது ஒரு முரட்டுக் கை தன்மேல் படுத்திருப்பது மாதிரி. அந்தக் கைக்கு முன்னால் அக்காவின் விரல் எழுந்தால் என்ன, விழுந்தால் என்ன. பிறகு மின்விசிறிக் காற்றில் பட்டை காயும். காய்ந்து வெடித்து விளிம்போடு தொடர்பு அறுந்த நொடியில் எண் சட்டென்று இறங்கும். அக்கா கூப்பிடுகிறாள் என்று மணி அடிக்கும். ஆன்ட்டி எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு ஓடி வருவார்.

"மாமா, இதுல பூசாதீங்க" என்றேன்.

"வீட்டுல எல்லாத்துக்கும் பூசுறேன். இவளக் காப்பாத்துற சாமானுக்குப் பூசாம விடுறதா?"

"பக்கத்துல பூசுங்க. பெட்டிக்கு அடியில பூசுங்க."

"நெத்தியில வெக்காம முதுகுல வெப்பாங்களா புள்ள?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. விடியக்காலையில் மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற மனிதர், அவளுக்காக அவரால் செய்ய முடிந்தது அந்தப் பட்டை ஒன்றுதான். சாமியை மாற்றுவதைவிட சென்சாரை மாற்றுவது சுலபம் என்று பட்டது. உலோக விளிம்பைக் கழற்றிப் போட்டேன். தகட்டைச் சுற்றி இன்னொரு செம்பு வளையம் வைத்தேன். விரல் நடுத்தகட்டின் மேல் மட்டும்தான் இருக்கும். ஈரமோ விபூதியோ என்றால் வளையத்தின் மேலும் பரவும். இரண்டும் சேர்ந்து மாறினால் அது பூசை, நடு மட்டும் மாறினால் அது அக்கா. வளையத்தையும் ஓயாமல் படித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் நடுத்தகடு அசைந்தால் மட்டும் வளையம் விழிக்கும்படி எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா தாராளமாகவே பூசினார். மணி வாயைத் திறக்கவில்லை. அக்கா விரலைத் தூக்கியபோது மட்டும் அடித்தது.

அந்த வளையத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஆனாலும் ஆன்ட்டியின் போன் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தொல்லை போய்விட்டது, மற்ற நாட்களில் மணி சும்மா அடிக்கிறது என்றார். பெரும்பாலும் காலைக் கஞ்சிக்கும் மத்தியானக் கஞ்சிக்கும் நடுவில். ஓடிப் போய், தண்ணியா, பாத்ரூமா, வலியா, புரட்டிப் போடணுமா என்று வரிசையாகக் கேட்பாராம். அக்கா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஒன்றும் வேண்டாம் என்றால் கூப்பிட்டது யார்? பேட்டரியும் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. சென்சார் விழித்திருப்பது பெரிய செலவில்லை. அழைப்பை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான் செலவு. தப்பான அழைப்பு ஒவ்வொன்றும் பேட்டரியில் ஒரு கடி.

"என் முட்டி தாங்கலம்மா" என்றார் ஆன்ட்டி. "இது சரியாகலன்னா நான் மாமாகிட்ட சொல்லிருவேன். என்னால முடியாதுன்னு."

ஆன்ட்டி கைவிரித்தால் அக்கா போக வேண்டியதுதான். இல்லத்திலிருந்து மாமாவுக்கு இன்னொரு போனும் வந்துவிட்டது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கோட்டை இறுக்குவது. சின்ன இறக்கங்களைத் தள்ளிவிடு. விரல் நன்றாக எழும்பி, கொஞ்ச நேரம் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள். தப்பான அழைப்பு போகும், பேட்டரி நிற்கும், ஆன்ட்டியின் முட்டியும் பிழைக்கும்.

எங்கே கோடு போடுவது என்று பார்க்க மறுபடியும் லீவு போட்டேன். மாமா வேலைக்குப் போன பிறகு, பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, அக்காவின் கண்ணில் படாமல் சமையலறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். திரையில் அவள் விரல் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போனார். கோடு அமைதியாக இருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. மின்விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கோடு சட்டென்று இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

தொழில் புத்தியில் முதலில் அந்த வடிவத்தைத்தான் பார்த்தேன். இரைச்சல் என்றால் விளிம்பு கரடுமுரடாக இருக்கும். ஈரம் என்றால் வளையமும் சேர்ந்து ஆடும். இது சுத்தமாக, கத்தியால் வெட்டியது போல இறங்கி, அப்படியே நின்று, ஆன்ட்டியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் பழைய இடத்துக்கு ஏறியது. ஆன்ட்டி அந்த நாலு கேள்வியையும் கேட்டார். ஒன்றுக்கும் அக்கா கண்ணை மூடவில்லை. "இந்த மணியும் இவ தங்கச்சியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் சமையலறையில் இருப்பதை மறந்துவிட்டார் போல. அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இறக்கம், மறுபடியும் அதே சுத்தமான வடிவம்.

இது தப்பான தொடுகை இல்லை. என் கையில் அன்றுவரை கிடைத்ததிலேயே சுத்தமான தொடுகை இதுதான்.

நான் பார்த்துக்கொள்கிறேன், வர வேண்டாம் என்று ஆன்ட்டிக்குப் போனில் சொல்லிவிட்டு, எழுந்து அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கேள்வி எதையும் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். விரல் பெட்டியின் மேல் இறங்கியது. தொழிற்சாலைக் கதைகளை, வழக்கமாக நான் யாருக்கும் சொல்லாத வெட்டிக் கதைகளை, வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் அசையவே இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். லேப்டாப் முன்னால் உட்காருவதற்குள் கோடு இறங்கிவிட்டது. திரும்ப உள்ளே போனேன், ஏறியது. வெளியே வந்தேன், இறங்கியது. தொழிற்சாலையில் ஒரு முடிவுக்கு வர இதைவிடக் குறைந்த ஆதாரமே போதும்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. நாங்கள் கேட்ட கேள்விகளில் தண்ணீர் இருந்தது, பாத்ரூம் இருந்தது, வலி இருந்தது. ஆள் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடமே கத்தும் இடத்தில் வாழ்ந்தவளை மின்விசிறிக்கு அடியில் போட்டுவிட்டு, அவள் கூப்பிட்டால் அது இரைச்சல் என்று வடிகட்ட நான் லேப்டாப்போடு வந்திருந்தேன்.

சாயங்காலம் மாமா வந்ததும் பார்த்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் செம்பனைக் குலையின் வாடை.

"நான் லோரிய விட்டுர்றேன்" என்றார்.

"விட்டுட்டு?"

நாங்கள் இரண்டு பேரும் அக்காவிடம் போனோம். அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"தனியா இருக்கப் பிடிக்கலையாக்கா?" என்றேன்.

கண்ணை மூடினாள்.

அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த மணியைச் செய்ததே அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காகத்தான். இருந்தாலும் கேட்டேன்.

"அலோர் காஜால, அந்த ஹோம்ல, சுத்தி ஆளுங்க இருந்தாங்கல்ல. அது உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

மூடினாள்.

"அழுதாளேம்மா" என்றார் மாமா என்னிடம், அவள் அங்கே இல்லாதது போல. "கூட்டிட்டு வந்த அன்னிக்கு எப்படி அழுதா. நீயும்தானே பாத்த."

நான் அக்காவின் பக்கம் குனிந்தேன். "அங்க விட்டதுக்கா அழுத?"

கண்ணை மூடாமல் என்னையே பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்ததுக்கா?"

மூடினாள். மூடியே வைத்திருந்தாள். ஓரத்தில் நீர் வழிந்து காதுப் பக்கம் போனது.

மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்ணு சும்மாவும் மூடும்லா" என்றார். "தூக்கம் வந்தாலும் மூடும். தூசி விழுந்தாலும் மூடும். அத வெச்சு எப்படிச் சொல்றது?" பிறகு அவள் இடது கைப் பக்கம் வந்து, பெட்டியின் மேல் கிடந்த விரலைப் பார்த்தபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். "உனக்கு நெஜமாவே அங்க போகணும்னா, விரலத் தூக்கு."

மணியை அணைத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நேரம் இருந்திருக்காது. அவர் சொல்லி முடிப்பதற்குள் விரல் எழும்பிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அவள் விரலை இறக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆன்ட்டியின் செருப்புச் சத்தம் முன்வாசலில் கேட்டது, பிறகு கூடத்தில். கையெல்லாம் மாவாக, மூச்சு வாங்க, அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னவாம்? என்ன வேணுமாம் அவளுக்கு?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை, அந்த விரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகணுமாம் ஆன்ட்டி" என்றார்.